வாடகை வீட்டில் இரும்புப் பெட்டி: ஒன்றரை வருடம் வைத்துப் பார்த்த பிறகு

முதலில் வாங்கிய பெட்டியை என் தம்பி இரண்டே குத்தில் திறந்துவிட்டான்.

ஆன்லைனில் 189 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கியது அது. எண் பலகை, குமிழ், பச்சை விளக்கு எல்லாம் பார்க்க நன்றாகவே இருந்தன. அம்மாவின் தாலிக்கொடி, ஆறு வளையல், என்னுடைய கல்யாண ஆரம், மகளின் பிறப்புப் பத்திரம், மூன்று பாஸ்போர்ட், இவ்வளவையும் உள்ளே வைத்துப் பூட்டி அலமாரிக்குள் தள்ளிவிட்டு நிம்மதியாக இருந்தேன். தீபாவளிக்கு ஈப்போவிலிருந்து தம்பி வந்தான். பூட்டுகளைப் பிரித்துப் பார்ப்பது சின்ன வயதிலிருந்தே அவனுக்குப் பழக்கம். "அக்கா, எண்ணைச் சொல்லாதே" என்றான். இடது கை முஷ்டியால் பெட்டியின் தலையில் ஒரு குத்து, அதே நொடியில் வலது கையால் குமிழைத் திருகினான். முதல் தடவை வரவில்லை. இரண்டாவது தடவை கதவு திறந்துகொண்டது. அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் பேசவில்லை. எழுந்துபோய்த் தாலிக்கொடியை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

காரணத்தைத் தம்பி கழற்றிக் காட்டினான். மலிவான பெட்டிகளில் கதவைத் தடுத்து நிற்பது ஒரு சின்ன ஊசி. சரியான எண்ணை அழுத்தினால் மின்காந்தம் அந்த ஊசியைக் கீழே இழுக்கும். மற்ற நேரத்தில் பேனாவில் இருப்பது போன்ற ஒரு ஸ்பிரிங் அதை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். பெட்டி அதிர்ந்தால் ஊசி தானாகவே ஒரு கணம் கீழே இறங்கும். அந்தக் கணத்தில் குமிழைத் திருகினால் போதும். அதோடு பெட்டியின் எடை எட்டு கிலோ. திறக்கத் தெரியாத திருடன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு லிஃப்டில் இறங்கிப் போய்விடலாம்.

நாங்கள் இருப்பது கோலாலம்பூர் செந்தூலில், ஒரு கொண்டோவின் (அடுக்குமாடிக் குடியிருப்பு) பதினொன்றாவது மாடி. வாடகை வீடு. அம்மா, நான், மூன்றாம் படிவம் படிக்கும் மகள், ஆக மூன்று பேர். பகலில் அம்மா கோயிலுக்குப் போனால் வீட்டில் ஆள் இருக்காது. தைப்பூசத்துக்குப் பத்துமலை போனால் நாள் முழுக்கப் பூட்டிய வீடுதான். வங்கிப் பெட்டகம் கேட்டுப் பார்த்தேன். நான் கேட்ட இரண்டு கிளையிலும் காலிப் பெட்டகம் இல்லை. கிடைத்தாலும் சனிக்கிழமை மாலை ஒரு கல்யாண வரவேற்புக்கு நகை வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமையே வங்கி நேரத்துக்குள் போய் எடுக்க வேண்டும். அம்மாவுக்கு அது ஒத்துவராது.

தம்பியும் நானும் ஒரு செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு பூடு பக்கம் போனோம். இந்த விமர்சனம் அங்கே வாங்கிய பெட்டியைப் பற்றியும், அதைக் கொண்டுவந்து பொருத்திய கடையைப் பற்றியும்தான். பூட்டும் பெட்டியும் மட்டும் விற்கும் சின்னக் கடை. தவுக்கேவுக்கு, அதாவது கடை முதலாளிக்கு, அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நாங்கள் உள்ளே நுழைந்ததும் அவர் விலையைப் பற்றிப் பேசவில்லை. "வீடு சொந்தமா, வாடகையா? எத்தனையாவது மாடி? தரையில் துளை போடலாமா?" இந்த மூன்று கேள்விதான். கடைக்கு நான் நான்கு நட்சத்திரம் கொடுப்பதற்கு இந்தக் கேள்விகளும் ஒரு காரணம்.

கடையின் மூலையில் ஆளுயரத்துக்கு ஒல்லியாக ஓர் இரும்பு அலமாரி நின்றது. அதைப் பார்த்ததும் எனக்கு சுங்கை சிப்புட் பெரியப்பா ஞாபகம் வந்துவிட்டது. பெரியப்பாவிடம் லைசென்சோடு ஒரு செனாபாங் பாத்தா இருந்தது. நடுவில் மடித்துத் தோட்டா போடும் துப்பாக்கி. செம்பனைக் கன்றுகளைத் தோண்டித் தின்னும் காட்டுப்பன்றிகளுக்காக வைத்திருந்தார். துப்பாக்கி ஓர் அலமாரியில், தோட்டாக்கள் வேறு அறையில் வேறு பெட்டியில். இரண்டுக்கும் தனித்தனிச் சாவி. சாவி எங்கே என்று பெரியம்மாவுக்குக்கூடத் தெரியாது. பிள்ளைகள் நாங்கள் அந்த அறைப் பக்கம் போனால் முதுகில் விழும். தோட்டத்து வீட்டை விட்டு டவுனில் வாடகை வீட்டுக்குக் குடிபோனபோது, சாமான் லாரி பேசுவதற்கு முன்பே அவர் போனது போலீஸ் நிலையத்துக்கு, துப்பாக்கி இருக்கும் இடம் மாறுவதைச் சொல்ல. நம் மலேசியாவில் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் விளையாட முடியாது என்பது அவருக்குத் தெரியும். "ஒளித்து வைக்கிறது வேற, பூட்டி வைக்கிறது வேற. ரெண்டும் செய்யணும்" என்பார்.

தவுக்கேவிடம் அதைச் சொன்னேன். அந்த அலமாரியும் அப்படிப்பட்டவர்களுக்காகத்தான், லைசென்ஸ் உள்ளவர்கள் வாங்குகிறார்கள் என்றார். தட்டிக் காட்டினார். தகரம் மெல்லியது, உயரம் அதிகம். சுவரில் முடுக்காவிட்டால் கதவு மேலே இருக்கும்படி தரையில் சாய்த்துப் போட்டுக் கடப்பாரையால் நெம்பிவிடலாம். நிற்கும் அலமாரியை நெம்புவதைவிடப் படுத்த அலமாரியை நெம்புவது சுலபம், உடம்பு எடை முழுவதையும் கொடுக்கலாம் என்றார். என் நகைப் பெட்டிக்கும் இதே கணக்குதான். பூட்டு எவ்வளவு நல்லதென்றாலும் பெட்டி தரையோடு பிடித்திருக்காவிட்டால் பாதுகாப்பு பாதிதான். பெட்டி வாங்கப் போகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தையாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நாங்கள் எடுத்தது 62 கிலோ. உயரம் 50 சென்டிமீட்டர். விலை, கொண்டுவரும் கூலி, பொருத்தும் கூலி எல்லாம் சேர்த்து 1,280 வெள்ளி. பூட்டில் காந்த ஊசி இல்லை. சின்ன மோட்டார் ஒன்று தாழ்ப்பாளை நகர்த்துகிறது, அதனால் குத்தினால் அசையாது. தம்பி கடையிலேயே குத்திப் பார்த்தான். தவுக்கே தடுக்கவில்லை, இன்னும் பலமாகக் குத்து என்றார்.

கதவுக்கு உள்பக்கம் இரண்டு ஸ்டிக்கர் இருக்கும், ஒன்று திருட்டுக்கு, ஒன்று தீக்கு. இதை எல்லாரும் குழப்பிக்கொள்கிறார்கள், நானும் குழம்பினேன். திருட்டுக்கு ஐரோப்பியத் தரம் ஈஎன் 1143-1 என்று ஒன்று உண்டு. அதைவிடக் கீழே வீட்டுப் பயனுக்கு ஈஎன் 14450. என்னுடையது இரண்டாவது வகை, அதில் எஸ்1 என்ற கீழ்நிலை. தீ ஸ்டிக்கர் வேறு விஷயம். உலையில் ஒரு மணி நேரம் வைத்தாலும் உள்ளே 177 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று சோதிக்கிறார்கள், ஏனென்றால் காகிதம் ஏறக்குறைய 230 டிகிரியில் கருகத் தொடங்கிவிடும். சுத்தத் தங்கம் உருக 1,064 டிகிரி வேண்டும். ஆகவே தீயில் நான் பயப்பட வேண்டியது வளையலுக்காக அல்ல, மகளின் பிறப்புப் பத்திரத்துக்காக. கல்யாணப் படங்கள் இருக்கும் பென்டிரைவையும் உள்ளே போட நினைத்தேன். அதற்கு இந்தப் பெட்டி போதாது, அந்த மாதிரிப் பொருளுக்கு உள்ளே 52 டிகிரியைத் தாண்டாத தனிப் பெட்டி இருக்கிறது என்று தவுக்கே சொன்னார். படங்களைப் பிரதி எடுத்து தம்பி வீட்டில் ஒன்று வைத்துவிட்டேன்.

தீ தாங்கும் பெட்டிக்கு ஒரு குறை உண்டு. கடையில் சொல்லாமல் வீட்டில் நானே தெரிந்துகொண்டது. இரண்டு தகட்டுக்கும் நடுவே அடைத்திருக்கும் கலவையில் ஈரம் இருக்கிறது. தீப்பிடித்தால் அந்த ஈரம்தான் ஆவியாகி உள்ளே குளிர்ச்சியாக வைக்கிறது. ஆனால் தினப்படி வாழ்க்கையில் அது உள்ளே புழுக்கமாகத்தான் இருக்கும். நம் ஊர்க் காற்றில் ஈரம் ஏற்கெனவே அதிகம். மூன்றாவது மாதம் பாஸ்போர்ட் அட்டை லேசாக வளைந்திருந்தது, வெல்வெட் நகைப்பெட்டியில் பூசண வாடை அடித்தது. இப்போது சிலிக்கா ஜெல் பை நான்கு போட்டிருக்கிறேன், மாதம் ஒருமுறை மாற்றுகிறேன். வாரத்தில் ஒரு நாள் பத்து நிமிஷம் கதவைத் திறந்து வைக்கிறேன். காகிதங்களை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டாயிற்று. அம்மாவின் முத்துமாலையை மட்டும் வெளியே எடுத்துத் துணியில் சுற்றி வேறிடத்தில் வைத்திருக்கிறேன், ரொம்பக் காய்ந்த இடத்தில் முத்து கெட்டுப்போகும். பெரியப்பா மாதாமாதம் துப்பாக்கிக் குழலை எண்ணெய்த் துணியால் ஏன் துடைத்தார் என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது.

அப்புறம் துளை போடும் கதை. வாடகை வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் ஒரு சீன ஆன்ட்டி. வாட்ஸ்ஆப்பில் கேட்காமல் நேரில் போய்க் கேட்டேன். படுக்கையறையில் சுவரோடு பொருத்திய அலமாரிக்குள், தரையில் நான்கு துளை, வீட்டைக் காலி செய்யும்போது சிமென்ட் வைத்து அடைத்து டைல்ஸ் மாற்றித் தருகிறேன், டெபாசிட்டில் பிடித்துக்கொள்ளலாம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதே அளவு டைல்ஸ் இரண்டு வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருப்பதையும் சொன்னேன். ஆன்ட்டி சம்மதித்தார். என்ன பெட்டி, உள்ளே என்ன என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கொண்டோ மேனேஜ்மென்டிலும் கேட்டாக வேண்டும். சில கட்டடங்களில் தரைக்குள் இழுத்துக் கட்டிய இரும்புக் கேபிள் ஓடும், அதில் துளைக்கருவி பட்டால் பெரிய ஆபத்து. எங்கள் கட்டடத்தில் அது இல்லை. எட்டு சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகக் கூடாது, சத்தம் வரும் வேலை வாரநாளில் ஐந்து மணிக்குள் முடிய வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். சுவரில் முடுக்கலாமா என்று தவுக்கேவின் ஆள் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். டொக் டொக் என்று பொள்ளலாகக் கேட்டது. லேசான கல், விரியும் போல்ட் அதில் பிடிக்காது, தரைதான் சரி என்றார். நான்கு போல்ட் இறுக்கி முடித்ததும் தம்பியை உட்கார வைத்து, கால் இரண்டையும் சுவரில் ஊன்றி இழுக்கச் சொன்னார். அசையவில்லை.

கொண்டுவந்த விதமும் எனக்குப் பிடித்திருந்தது. நாங்கள் கேட்காமலே, வாஷிங் மெஷின் அட்டைப்பெட்டிக்குள் வைத்து, காலை பதினொரு மணிக்கு, எல்லாரும் வேலைக்குப் போன நேரத்தில் ஏற்றினார்கள். லாரியில் கடைப்பெயர் கிடையாது. வாசல் காவலாளி தன் புத்தகத்தில் "வீட்டுச் சாமான்" என்றுதான் எழுதினார். அட்டையையும் நுரையையும் குப்பை அறையில் போடாமல் அவர்களே திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள். எதிர்வீட்டுக்காரருக்கு இன்றுவரை தெரியாது. மகளிடமும் பள்ளியில் யாரிடமும் சொல்லக் கூடாது, படம் எடுத்துப் போடக் கூடாது என்று உட்கார வைத்துப் பேசினேன். அவளுக்கு எண் தெரியாது, அம்மாவுக்குத் தெரியும்.

எண்ணைப் பற்றி இரண்டு வார்த்தை. பெட்டியோடு வரும் தொழிற்சாலை எண் இரண்டு, ஒன்று நாம் தினமும் அழுத்துவது, இன்னொன்று மாஸ்டர் எண். முதலாவதை எல்லாரும் மாற்றுகிறார்கள், இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். அந்த எண் குறிப்புப் புத்தகத்தில் அச்சடித்தே இருக்கிறது, அதே மாதிரிப் பெட்டி வாங்கிய எல்லாருக்கும் அது தெரியும். அன்றைக்கே இரண்டையும் மாற்றுங்கள். அம்மா சமையலறையிலிருந்து வந்து அழுத்துவார். ஆறு மாதத்தில் நான்கு பட்டன்மேல் மட்டும் மஞ்சள் படிந்து பளபளத்தது. எந்த நான்கு எண் என்று யாரும் பார்த்தே சொல்லிவிடலாம். இப்போது அழுத்தி முடித்ததும் பத்து பட்டனையும் ஈரத்துணியால் துடைக்கிறோம், தீபாவளிக்குத் தீபாவளி எண்ணையும் மாற்றுகிறோம். அவசரச் சாவி கிள்ளானில் அக்காவிடம் இருக்கிறது. பேட்டரி நான்கும் அல்கலைன், வருடத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடுகிறேன், தீரும்வரை காத்திருப்பதில்லை.

இன்ஷூரன்ஸ் விஷயத்தையும் பாருங்கள். கட்டடத்துக்கு மேனேஜ்மென்ட் எடுத்திருக்கும் பாலிசி கட்டடத்துக்குத்தான், வாடகைக்காரரின் சாமானுக்கு அல்ல. நான் தனியாக எடுத்த பாலிசியில் நகைக்கு மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்குதான் உச்சவரம்பு. அதனால் ஒவ்வொரு நகையையும் எடை போட்ட ரசீதோடு படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

ஐந்தாவது நட்சத்திரத்தை ஏன் பிடித்துக்கொண்டேன் என்றால், ஈரத்தைப் பற்றிக் கடையில் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அது ஒன்று. இன்னொன்று சத்தம். ஒவ்வொரு பட்டனுக்கும் பீப் என்று கத்துகிறது, ராத்திரியில் பக்கத்து அறைவரை கேட்கிறது. பெட்டி இருப்பதே தெரியக் கூடாது என்று இவ்வளவு செய்துவிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்கும்போது எரிச்சலாக வருகிறது. போன் செய்ததும் தவுக்கே ஆள் அனுப்பினார், காசு வாங்கவில்லை. சத்தத்தை நிறுத்தும் வசதி இந்த மாடலில் இல்லையாம். கதவுக்கு உள்ளே பேட்டரி மூடியைத் திறந்து ஒலிவரும் துளைமேல் தடித்த டேப் ஒட்டிவிட்டுப் போனார். பாதி குறைந்தது. அடுத்த மாதம் அக்கா வீட்டுக்கும் இதே கடையில்தான் வாங்கப் போகிறோம், சத்தம் இல்லாத மாடலாகப் பார்த்து எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.