24 கரட் என்று பித்தளை ரேக்கு: பொலிமர் கிளே செய்பவர்கள் கவனம்

ஓவனில் சுட்டால் இறுகுகிற பொலிமர் கிளேயில் தோடும் ஜிமிக்கியும் செய்து விற்கிறவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. ‘மெட்டாலிக் ஃபினிஷிங் கிட்’ என்று ஒரு பெட்டி முகநூலில் சுற்றிக்கொண்டிருக்கிறது. கொழும்பிலிருந்து கூரியரில் வரும், சாமான் கைக்கு வந்த பிறகு காசு கொடுக்கலாம். உள்ளே சின்ன டப்பிகளில் மினுக்கம் கொடுக்கும் மைக்கா தூள், ‘24 கரட்’ என்று ஸ்டிக்கர் ஒட்டிய தங்க ரேக்கு, அதாவது மேலே ஒட்டுகிற மெல்லிய தகடு, நூறு தாள், கடைசியில் மேலே அடிப்பதற்கு ஒரு கிளியர் ஸ்ப்ரே. விற்றவர் பெயரை நான் போடவில்லை. இதே பெட்டியை இன்னும் நாலு பேர் வேறு பெயரில் விற்கக்கூடும். சாமானை அடையாளம் தெரிந்து வைத்திருந்தால் யாரிடமும் ஏமாறத் தேவையில்லை.

நான் வாங்கியது வாணி விழா ஓடர் ஒன்றுக்காக. நவராத்திரி வந்தால் திருகோணமலையில் பள்ளிக்கூடம், நடன வகுப்பு என்று எல்லா இடமும் பிள்ளைகள் ஆடுவார்கள். கல் வைத்த டான்ஸ் செட் பாரம், சின்னப் பிள்ளைகளின் காது இழுபடும். அதனால் நடன ரீச்சர் ஒருவர் பாரமில்லாத ஜிமிக்கியும் நெற்றிச்சுட்டியும் கேட்டார். கிளேயில் செய்து, ரேக்கு ஒட்டி, சுட்டு எடுத்து, அந்த ஸ்ப்ரேயையே அடித்துக் கொடுத்தேன். கொடுக்கும்போது வடிவாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

விழாவுக்கு முன்னமே ரீச்சர் கோல் எடுத்தார். “பிள்ளை, இது என்ன பாசி பிடிச்ச மாதிரி இருக்கு?” போய்ப் பார்த்தால், ஒத்திகையில் வியர்த்த பிள்ளைகளின் காது மடலில் பச்சைக் கறை. ஜிமிக்கியின் ஓரங்கள் கறுத்துப் போயிருந்தன. பையில் போட்டு வைத்திருந்த சுட்டிகள் பொலித்தீனோடு ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது ரேக்கும் சேர்ந்து உரிந்து வந்தது. தொட்டால் விரல் ஒட்டுகிறது. ஓடர் காசு முழுவதையும் திருப்பிக் கொடுத்தேன். அந்த ரீச்சர் நல்ல மனுஷி, கோபப்படவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

இதில் இரண்டு ஏமாற்று இருக்கிறது, தனித்தனியாகச் சொல்கிறேன்.

முதலாவது ரேக்கு. பித்தளையை, அதாவது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகத்தை, மெல்லியதாக அடித்து எடுப்பதுதான் போலித் தங்க ரேக்கு. வியர்வையும் உப்பும் ஈரமும் பட்டால் செம்பு பச்சை பிடிக்கும். சுத்தத் தங்கம் பிடிக்காது. பித்தளை ரேக்கு ஒன்றும் கெட்ட சாமான் இல்லை, கைவேலை செய்கிற பெரும்பாலானோர் பாவிப்பது அதைத்தான். அதற்கு 24 கரட் ஸ்டிக்கர் ஒட்டி அந்த விலையைப் பிடுங்குவதுதான் திருட்டு.

ஒரு சின்னக் கணக்குப் போட்டாலே பொய் வெளிச்சமாகிவிடும். உண்மையான தங்க ரேக்கு ஒரு மில்லிமீற்றரில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு தடிப்பு. எனக்கு வந்தது 14 சென்றிமீற்றர் சதுரத் தாள். அந்த அளவில் நூறு தாள் சுத்தத் தங்கம் என்றால் அதில் 3.8 கிராம் தங்கம் இருக்க வேண்டும், கிட்டத்தட்ட அரைப் பவுன். அரைப் பவுனை மைக்கா தூளோடும் ஸ்ப்ரேயோடும் சேர்த்துச் சில ஆயிரம் ரூபாய்க்கு யார் தருவார்கள்? அசல் ரேக்கு பெரும்பாலும் 8 சென்றிமீற்றர் சதுரமாகத்தான் வரும், 14 சென்றிமீற்றர் என்பது போலி ரேக்கின் வழக்கமான அளவு.

வீட்டிலேயே சோதிக்கவும் வழி இருக்கிறது. அசல் ரேக்கை விரலால் தேய்த்தால் தோலோடு தோலாக மறைந்துவிடும், பித்தளை ரேக்கு துண்டு துண்டாக உதிரும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அசலுக்குள்ளால் பச்சை கலந்த ஒளி தெரியும், போலியில் ஒன்றும் தெரியாது. அதிலும் சந்தேகம் தீராவிட்டால் ஒரு துண்டின் மேல் வினாகிரியும் கொஞ்சம் உப்பும் போட்டு இரவு முழுக்க விட்டுவிடுங்கள். என்னுடையது விடியும்போது பச்சை.

இரண்டாவது ஸ்ப்ரே. என் பார்வையில் இதுதான் பெரிய அநியாயம், ஏனென்றால் பெட்டியில் ‘பொலிமர் கிளேக்கு உகந்தது’ என்றே அடித்திருந்தார்கள். பொலிமர் கிளே மண்ணே இல்லை. பீவீசீ பிளாஸ்டிக்கும் அதை இளக்கமாக வைத்திருக்கும் பிளாஸ்டிசைசரும் சேர்ந்தது. டின் ஸ்ப்ரேக்களில் இருக்கிற கரைப்பான் அந்தப் பிளாஸ்டிசைசரோடு சேர்ந்து மேற்பரப்பை இளக்கிவிடும். சில நேரம் உடனே தெரியாது. அடித்தவுடன் காய்ந்த மாதிரி இருக்கும், நாள் போகப் போக ஒட்ட ஆரம்பிக்கும், பிறகு காயவே காயாது. நகப்பூச்சும் இதே வேலையைத்தான் செய்யும், அதை வார்னிஷ் என்று நினைத்து அடிக்காதீர்கள்.

பெட்டியை விற்றவர்களிடம் வாட்ஸப்பில் கேட்டேன். முதலில் வந்த பதில், “சிஸ்டர், நீங்க சரியா பேக் பண்ணல.” நான் பாவிப்பது ஃபிமோ. பக்கெட்டில் போட்டிருக்கிற 110 பாகை செல்சியஸ், 30 நிமிடம், ஓவனுக்குள் தெர்மோமீற்றர் வைத்துப் பார்த்துத்தான் சுடுவேன். அதே தட்டில் சுட்டு ஸ்ப்ரே அடிக்காமல் விட்ட துண்டுகள் இன்றைக்கும் காய்ந்தே இருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்து வீடியோ எடுத்து அனுப்பினேன். அடுத்த பதில், “உங்க ஊர் கடற்காற்று, சிஸ்டர். உப்புக்கு கோல்ட் கறுக்கும்.”

அந்த உப்புக் காற்றில்தான் எங்கள் ஊர்ப் பெண்கள் தாலிக்கொடியைப் போட்டுக்கொண்டு கோணேசர் மலை ஏறி இறங்குகிறார்கள். பச்சை பிடித்த தாலிக்கொடி ஒன்றை நான் இதுவரை காணவில்லை. இதை எழுதி அனுப்பியதும் என்னை புளொக் செய்துவிட்டார்கள்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பெட்டியில் இருந்த மைக்கா தூள் நல்ல சாமான். அப்பிரகத் துகளில் நிறம் ஏற்றியது, உலோகம் இல்லை, அதனால் கறுக்காது, ஓவன் சூட்டையும் தாங்கும். சுடுவதற்கு முன், கிளே பச்சையாக இருக்கும்போதே விரலாலோ மெல்லிய தூரிகையாலோ தடவ வேண்டும். சுட்ட பிறகு தடவினால் பிடிக்காது. மூக்குக்கு மாஸ்க் கட்டாயம், தூள் பறக்கும். ஜிமிக்கியின் வளைவில் செம்பு நிறத்தைத் தடவி, ஓரத்துக்கு மட்டும் பொன் நிறம் கொடுத்தால் பழைய நகை மாதிரி ஒரு மினுக்கம் வரும். பிள்ளைகளின் சாமானுக்கு நான் இப்போது ரேக்கையே விட்டுவிட்டு இதைத்தான் செய்கிறேன். ரீச்சரும் அடுத்த தடவைக்கு இதையே கேட்டிருக்கிறார்.

மேற்பூச்சுக்கு, தண்ணீரில் கரையும் அக்ரிலிக் அல்லது பொலியூரித்தேன் வார்னிஷ். தூரிகையைத் தண்ணீரில் கழுவலாம் என்று போத்தலில் போட்டிருந்தால் பெரும்பாலும் சரி. தின்னரால்தான் கழுவ வேண்டும் என்றால் வாங்க வேண்டாம். புது வார்னிஷ் எதுவாக இருந்தாலும் உடைந்த துண்டு ஒன்றில் பூசி, சில வாரம் விட்டுத் தொட்டுப் பாருங்கள். யூவி விளக்கு வெளிச்சத்தில் இறுகுகிற யூவி ரெசினும் நன்றாகப் பிடிக்கும், ஆனால் விலை கூட. வாடைக் காலத்து ஈரத்தில் தண்ணீர் வார்னிஷ் காயச் சுணங்கும், அவசர ஓடர் என்றால் அதையும் கணக்கில் வைத்துத் திகதி சொல்லுங்கள்.

ஏற்கெனவே ஸ்ப்ரே அடித்து ஒட்டுகிறது என்றால், பாமசியில் விற்கும் சேர்ஜிகல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் கொஞ்சம் போகும். ரேக்கும் கூடவே போகும், அதற்கு வழியில்லை.

முறைப்பாடு செய்ய இடம் இருக்கிறது. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. தொலைபேசியில் சொல்வதோடு நிற்காமல் எழுத்திலும் கொடுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி சாமான் வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், பலர் இதைத்தான் தவறவிடுகிறார்கள். கூரியர் துண்டு, பெட்டியின் படம், ‘24 கரட்’ என்று போட்ட விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷொட், வாட்ஸப் கதை எல்லாவற்றையும் சேர்த்து நான் கொடுத்துவிட்டேன். புளொக் செய்தால் விளம்பரம் உங்களுக்குத் தெரியாது, ஆகவே சண்டை பிடிக்க முதல் ஸ்கிரீன்ஷொட் எடுத்துவிடுங்கள்.

பெட்டி கையில் இருந்து இன்னும் ஸ்ப்ரே அடிக்காதவர்கள் அந்த டின்னைக் கிளேக்குக் கிட்டவே கொண்டுபோக வேண்டாம். ரேக்கைத் தோலில் படாத சாமானுக்குப் பாவிக்கலாம்: திறப்புக் கோர்வை, சுவரில் மாட்டும் தட்டு, படச்சட்டம். இரண்டு பக்கமும் தண்ணீர் வார்னிஷ் பூசி, விற்கும்போது பித்தளை ரேக்கு என்று சொல்லி விற்றுவிடுங்கள்.