போர் தண்ணீரில் எந்த மீன் நிற்கும்? இரண்டடித் தொட்டி அனுபவம்

வீட்டில் மீன் தொட்டி வைத்துச் சில வருஷம் ஆகிறது. 2 அடி நீளம், அகலமும் உயரமும் 1 அடி. மணல், கல் போக 45 லிட்டர் தண்ணீர் நின்றால் அதிகம். இந்த அளவுக்கு என்ன மீன் வாங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: "உங்க வீட்டுத் தண்ணியில சோப்பு நுரைக்குமா?"

நாங்கள் இருப்பது குமரி மாவட்டத்தில், குளச்சல் பக்கம். போர் தண்ணீர், சோப்பு சரியாக நுரைக்காது, வாளி விளிம்பெல்லாம் வெள்ளையாக உப்புப் படியும். கப்பிக்கும் மோலிக்கும் இந்தக் கடினத் தண்ணீர்தான் பிடிக்கும். கருப்பு மோலி குட்டி போட்டுத் தள்ளுகிறது. ஒருமுறை ஆணோடு சேர்ந்த பெண், பிறகு ஆணே இல்லாமலும் மாதக்கணக்கில் குட்டி போடும். அதனால் 'ரெண்டே ரெண்டு போதும்' என்ற கணக்கெல்லாம் செல்லாது. நியான் டெட்ரா அமேசான் பக்கத்து மீன்; மென்மையான, லேசான அமிலத்தன்மையுள்ள தண்ணீர் கேட்கும். எங்களிடம் நிறம் மங்கி ஒவ்வொன்றாகப் போய்விட்டது. குலசேகரத்தில் மச்சான் வீட்டுக் கிணற்றின் மென்மையான தண்ணீரில் அதே நியான் நீலக்கோடு மின்னக் கூட்டமாகத் திரிகிறது.

கடையில் தவறாமல் சொல்வார்கள்: "சக்கர் ஒண்ணு போடுங்க அண்ணாச்சி, பாசிய எல்லாம் தின்னு தொட்டிய தொடச்சிரும்." விரல் நீளத்தில் தரும் அந்தச் சக்கர் ஒரு அடியையும் தாண்டி வளரும். தின்னும் பாசியைவிடக் கழிப்பது அதிகம். காலையில் பார்த்தால் மணல்மேல் நூல்நூலாகக் கிடக்கும். வளர்ந்தபின் குளத்தில் கொண்டு விடுகிறவர்களும் உண்டு. அது கரையைக் குடைந்து முட்டையிட்டுப் பெருகி, நாட்டு மீனுக்கு இடமில்லாமல் செய்துவிடும். வாங்காமலிருப்பதே நல்லது. கோல்டு பிஷ்ஷும் இந்தத் தொட்டிக்கு ஆகாது.

பைட்டர் மீன் அழகுதான், ஆனால் தனித் தொட்டி வேண்டும். கப்பியின் வாலைப் பார்த்தாலே இன்னொரு ஆண் என்று பாயும்.

புதுத் தொட்டியில் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா என்ற விஷத்தைச் சமாளிக்கும் பாக்டீரியா பில்டர் பஞ்சில் பிடிக்க 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்குமுன் மீனை நிரப்பக்கூடாது. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் பஞ்சைக் கழுவினால் அந்தப் பாக்டீரியா செத்துப்போகும்; தொட்டித் தண்ணீரிலேயே பிழிந்தால் போதும். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, மழையோடு கரண்டும் போகும். பேட்டரி ஏர் பம்ப் ஒன்றை மீனோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.