சட்டையா, பாப்-அப்பா, அடுக்கா: ஆண்களுக்கான கைவினை வாழ்த்து அட்டைகள், ஓர் ஒப்பீடு

ஆண்களுக்கு வாழ்த்து அட்டை செய்ய உட்காரும்போது, எதைச் செய்வது என்பதிலேயே பலரும் தடுமாறிவிடுகிறோம். பூங்கொத்தும் பட்டாம்பூச்சியும் சரிகை ஓரமும் செய்து பழகிய கை, அப்பாவுக்கு, அண்ணனுக்கு, கணவருக்கு, ஓய்வு பெறும் மேலதிகாரிக்கு என்று வந்தவுடன் ஒரு மீசையையோ கழுத்துப்பட்டையையோ வெட்டி ஒட்டிவிட்டு நின்றுவிடுகிறது. காகிதத்தையும் அட்டையையும் மட்டும் கொண்டு செய்யக்கூடிய மூன்று வகைகளைப் பல ஆண்டுகளாக மாற்றி மாற்றிச் செய்துவருகிறேன்: சட்டை வடிவ அட்டை, திறந்தால் உருவம் எழுந்து நிற்கும் பாப்-அப் அட்டை, துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி முகப்பில் ஒரு பொருளையோ காட்சியையோ அமைக்கும் அடுக்கு அட்டை. மூன்றுமே நல்லவைதான். ஆனால் பெறுபவர் யார், அவர் அந்த அட்டையை எங்கே வைத்துக்கொள்வார், செய்பவருக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பார்க்கும்போது அவற்றுக்கிடையே தெளிவான ஏற்றத்தாழ்வு இருக்கிறது.

எந்த வகையைத் தேர்ந்தாலும் அடித்தளம் ஒன்றுதான் என்பதால் காகிதத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். காகிதத்தின் கனத்தை ஜி.எஸ்.எம். என்ற அளவில் குறிப்பிடுவார்கள். ஒரு சதுர மீட்டர் காகிதம் எத்தனை கிராம் எடை இருக்கும் என்பதே அதன் பொருள். ஏ4 தாள் ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. ஆகவே அச்சுப்பொறியில் இடும் 80 ஜி.எஸ்.எம். தாள் ஒன்று 5 கிராமும், அட்டைக்கு ஏற்ற 240 ஜி.எஸ்.எம். தாள் ஒன்று 15 கிராமும் இருக்கும். கையில் எடுத்துப் பார்த்தாலே இந்த வேறுபாடு தெரியும். வாழ்த்து அட்டையின் உடலுக்கு 200 முதல் 300 ஜி.எஸ்.எம். வரை பொருந்தும், அதற்குக் கீழே போனால் அட்டை நிற்காது, மேலே போனால் மடிப்பில் வெடிக்கும். ஏ4 தாளைக் குறுக்கே இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் நடுவில் மடித்தால், 105 மில்லிமீட்டருக்கு 148 மில்லிமீட்டர் அளவுள்ள இரண்டு அட்டைகள் கிடைக்கும். 114-க்கு 162 மில்லிமீட்டர் அளவுள்ள சி6 உறையில் இவை சரியாக அடங்கும்.

மடிப்பில்தான் கைவினை அட்டையின் தரம் தெரிகிறது. காகிதத்தின் இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் படிந்திருக்கும். தாளை நீளவாக்கில் ஒரு முறையும் அகலவாக்கில் ஒரு முறையும் மெதுவாக வளைத்துப் பார்த்தால், ஒரு திசையில் எளிதாக வளைந்துகொடுப்பதும் மறு திசையில் எதிர்ப்பதும் விரலுக்குத் தெரியும். எளிதாக வளையும் வகையில் மடிப்புக்கோட்டை அமைத்தால் மடிப்பு வழுவழுப்பாக விழும். எதிர்த்து மடித்தால் மேற்பரப்பு விரிசல் விட்டு, அடர்நீல அட்டையில்கூட உள்ளே இருக்கும் வெள்ளை நார் எட்டிப் பார்க்கும். எந்தத் திசையாக இருந்தாலும், மடிப்பதற்கு முன் அளவுகோலை வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி ஒரு பள்ளக்கோடு போட்டுவிட வேண்டும். இதற்கென்று விற்கப்படும் கருவிகள் என்னிடம் உண்டு; ஆனாலும் அந்தப் பழைய பேனாவே அதிகம் கையில் இருக்கிறது.

இனி சட்டை அட்டை. மூன்றில் இதுவே எளிது, அரை மணி நேரத்தில் முடியும், கத்தி வேண்டாம், கத்தரிக்கோலே போதும், சிறுவர்களும் செய்யலாம். மடித்த அட்டையின் முகப்பே சட்டையின் மார்புப் பகுதி. இரண்டு சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு பட்டையை எடுத்து, அதன் நடுப்பகுதியை முகப்பின் மேல்விளிம்புக்குப் பின்னால் ஒட்டி, இரு முனைகளையும் முன்பக்கமாகச் சாய்வாக மடக்கிக் கழுத்துக்குக் கீழே சந்திக்கவைத்தால் காலர் வந்துவிடும். முனைகளைச் சாய்வாக நறுக்கிவிட வேண்டும். சதுரமாக விட்டால் காலர் போல் தெரியாது, கட்டுப்போட்ட துணி போல் தெரியும். அதன்கீழே செங்குத்தாக ஒரு பொத்தான் பட்டி, துளையிடும் கருவியில் விழும் வட்டத் துண்டுகளால் பொத்தான்கள், உடுத்துபவரின் இடப்பக்கம், அதாவது பார்க்கும் நமக்கு வலப்பக்கம், ஒரு சட்டைப்பை. அந்தப் பை உண்மையான பையாக இருக்கட்டும்: மூன்று பக்கம் மட்டும் ஒட்டி மேற்பக்கத்தைத் திறந்து விட்டால், உள்ளே ஒரு சிறு குறிப்பையோ புகைப்படத்தையோ செருகலாம். சட்டை அட்டையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், ஏனென்றால் அந்தப் பையில்தான் அது ஒரு குறிப்பிட்ட மனிதருக்கானதாக மாறுகிறது.

அதன் குறையும் அங்கேதான் இருக்கிறது. பையை எடுத்துவிட்டால் சட்டை அட்டை எந்த ஆணுக்கும் பொருந்தும். எந்த ஆணுக்கும் பொருந்துவது யாரையும் தனியாகத் தொடுவதில்லை. வேலை முழுவதையும் பனியனோடும் எண்ணெய்க் கறையோடும் செய்யும் ஒருவருக்குக் கழுத்துப்பட்டை கட்டிய சட்டையைக் கொடுப்பது, அவரைப் பார்க்காமலே வாழ்த்துவது போன்றது. சட்டை அட்டைதான் என்று முடிவு செய்தால், அவர் உண்மையில் உடுத்தும் சட்டையைச் செய்யுங்கள். கட்டம் போட்டதா, அரைக்கையா, பையில் எப்போதும் ஒரு பேனா நிற்கிறதா, மேல்பொத்தான் திறந்தே இருக்குமா என்று ஒரு நாள் கவனித்தால் போதும். கட்டங்களை வரைவதைவிட, 3 மில்லிமீட்டர் அகலமுள்ள காகிதப் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்கும் ஒட்டுவது அழகாக வரும்; நேரம் இருமடங்கு ஆகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பாப்-அப் அட்டையின் பலம் ஒரே கணத்தில் வெளிப்படுகிறது. மூடியிருக்கும்போது ஒன்றுமில்லை, திறந்ததும் ஒரு மிதிவண்டி, ஒரு படகு, மாடிப்படியும் கதவுமாக ஒரு வீடு எழுந்து நிற்கிறது. உணர்ச்சியை வெளிக்காட்டாத ஆண்கள்கூட இந்த அட்டையை உடனே கீழே வைப்பதில்லை. மூடுகிறார்கள், மறுபடி திறக்கிறார்கள், உள்ளே எப்படி இயங்குகிறது என்று ஓரத்தில் கண்ணை வைத்துப் பார்க்கிறார்கள். பொருள்களைப் பிரித்துப் பார்ப்பதில் ஆர்வமுள்ளவருக்கு இதைவிடச் சிறந்த அட்டை இல்லை.

இயக்கம் எளிமையானது. மடித்த அட்டையின் மடிப்பிலிருந்து உள்நோக்கி, ஒரே நீளத்தில் இரண்டு இணையான வெட்டுகள் போட்டு, இடையில் இருக்கும் நாக்கை உட்புறமாகத் தள்ளினால், திறக்கும்போது ஒரு படிக்கட்டுப் போல அது எழும். அந்தப் படியின் முன்முகத்தில் உருவத்தை ஒட்ட வேண்டும். பலரும் தவறுவது உருவத்தின் உயரத்தில்தான். வெட்டின் நீளத்தையும் உருவத்தின் உயரத்தையும் கூட்டினால் வருவது, மடிப்பிலிருந்து அட்டையின் விளிம்பு வரையுள்ள தூரத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். 148 மில்லிமீட்டர் நீளப் பக்கத்தில் மடித்திருந்தால் அந்தத் தூரம் 105 மில்லிமீட்டர். வெட்டு 30 மில்லிமீட்டர் என்றால், உருவம் 70 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால், அட்டையை மூடும்போது உருவத்தின் தலை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். மிதிவண்டிப் பழுது பார்க்கும் நண்பர் ஒருவருக்காக நான் வெட்டிய முதல் மிதிவண்டியின் கைப்பிடி இப்படித்தான் வெளியே வந்தது. ஆரங்களை ஒவ்வொன்றாக வெட்டியெடுத்த பிறகு அது தெரிந்தபோது மனம் மிகவும் வருந்தியது. அன்றிலிருந்து, பழைய தாளில் ஒரு மாதிரியைச் செய்து மூடித் திறந்து பார்க்காமல் நல்ல அட்டையைத் தொடுவதில்லை.

பாப்-அப்பில் இன்னும் இரண்டு செலவுகள் உண்டு. முதலாவது, படி எழுந்த இடம் அட்டையின் முதுகில் ஓட்டையாகத் தெரியும் என்பதால், வெளியே இன்னொரு அட்டையை உறை போல ஒட்டியாக வேண்டும். நாக்கின் பின்புறத்தில் மட்டும் பசை படக் கூடாது, பட்டால் அது எழாது. இரண்டாவது, வாழ்த்து எழுத இடம் குறைவு. உருவம் நடுவில் நிற்பதால் கீழ்ப்பகுதியில் நாலைந்து வரிகளுக்கே இடம் இருக்கும். ஒரு மகன் தன் அப்பாவுக்கு நேரில் சொல்ல முடியாததை எழுத நினைக்கும்போது அந்த நாலைந்து வரி போதாது. குறைந்தது இரண்டு மூன்று மணி நேரமும், கூர்மையான கட்டர் கத்தியும், அடியில் வைக்க ஒரு வெட்டுப் பலகையும் தேவை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

நான் அதிகம் பரிந்துரைப்பது அடுக்கு அட்டையைத்தான். மூன்றிலும் இதுதான் பெறுபவரின் உலகத்தை அதிக நுணுக்கத்தோடு காட்டக்கூடியது. அதே சமயம் தவறுகளையும் பொறுத்துக்கொள்வது. ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, எது பின்னால் இருக்கிறது, எது நடுவில், எது நம் பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பிரித்து, ஒவ்வொரு தளத்தையும் தனித் துண்டாக வெட்டி ஏற்றுவதே இதன் முறை. தூண்டில், கேமரா, சதுரங்கக் குதிரை, தோட்டத்து நீர்வாளி, தாளக்கருவி, பழைய வானொலி என்று எதையும் நான்கு அடுக்குகளில் கொண்டுவர முடியும். அடுக்குகளுக்கு இடையே சிறு அட்டைத் துண்டுகளை மறைவாக ஒட்டி உயர்த்தினால், ஓரங்களில் உண்மையான நிழல் விழும். அந்த நிழல்தான் அடுக்கு அட்டைக்கு உயிர். எனவே நிறங்களை வாரியிறைக்க வேண்டியதில்லை. பழுப்பு கிராஃப்ட் காகிதம், சாம்பல், கரும்பச்சை என்று இரண்டு மூன்று நிறங்களே போதும். ஆண்களுக்கென்று நீலத்தையும் கறுப்பையும் மட்டும் ஒதுக்கிவைக்கும் வழக்கத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. அவருக்குப் பிடித்த நிறம் ஆரஞ்சு என்றால் ஆரஞ்சே வரட்டும், பக்கத்தில் அடர்த்தியான ஒரு நிறம் துணையாக இருந்தால் அது எடுப்பாகத் தெரியும்.

இங்கே நெளி அட்டை பெரிதும் கைகொடுக்கிறது. பொருள்கள் வந்த அட்டைப்பெட்டியிலிருந்து ஒரு துண்டை வெட்டி, ஒரு பக்கத்துத் தாளை ஈரத்துணியால் லேசாகத் தொட்டுவிட்டுச் சில நிமிடங்கள் கழித்து மெதுவாக உரித்தால், உள்ளே இருக்கும் நெளிவு வரிவரியாக வெளிப்படும். அதைக் குறுக்கே வைத்தால் மரப்பலகைச் சுவர். நெடுக்கே வைத்தால் கூரைத் தகடு. சிறிய சதுரமாக வைத்தால் வானொலியின் ஒலிபெருக்கி முகம். புதிதாக வாங்கும் நிற அட்டை சீராகவும் சுத்தமாகவும் இருக்கும் என்பது உண்மை. ஆனாலும் இந்த நெளிவின் கரடுமுரடான தன்மையை அது தருவதில்லை. மடிப்பு வரும் உடலுக்குப் புதிய அட்டை, முகப்பின் அடுக்குகளுக்குப் பெட்டி அட்டை என்று பிரித்துக்கொள்வதே என் வழக்கம்.

அடுக்கு அட்டையின் உண்மையான குறை தடிமன். பெட்டி அட்டை ஒரு அடுக்குக்கே மூன்று மில்லிமீட்டர் வரை இருக்கலாம்; இரண்டு ஏற்றினாலே சாதாரண உறையில் அடங்காது. அஞ்சலில் போக வேண்டிய அட்டையென்றால் நெளி அட்டையை ஒரே அடுக்கோடு நிறுத்திக்கொண்டு மற்றவற்றைத் தாளில் வெட்டுங்கள். நேரில் கொடுப்பதென்றால், அதே அட்டையில் ஆழமில்லாத ஒரு பெட்டி உறை செய்து அதில் வைத்துக் கொடுங்கள். சட்டை அட்டைக்கும் பாப்-அப்புக்கும் இந்தத் தொல்லை இல்லை; இரண்டும் தட்டையாக மூடிக்கொள்ளும்.

பசையைப் பொறுத்தவரை, வெள்ளைப் பசையில் நீர் இருப்பதால் மெல்லிய தாள் ஊறி அலையலையாகச் சுருங்கும். சட்டையின் பட்டைகளுக்கும் உள்தாளுக்கும் பசைக்குச்சியோ இருபக்க ஒட்டுநாடாவோ நல்லது. நெளி அட்டையின் வரிகள்மேல் ஒட்டும்போது வெள்ளைப் பசையே பிடிக்கும். பாப்-அப்பின் படிமுகத்திலும் அதையே நம்புகிறேன், ஆனால் நன்றாகக் காயும்வரை அட்டையை மூடக் கூடாது.

கிராஃப்ட் காகிதத்தில் நீலமை மங்கிப்போகும், ஊற்றுப்பேனா மை பரவவும் செய்யும். உள்ளே 100 ஜி.எஸ்.எம். வெள்ளைத் தாள் ஒன்றை, அட்டையைவிட ஒவ்வொரு பக்கமும் 5 மில்லிமீட்டர் சிறியதாக வெட்டி, மடிப்பை ஒட்டிய ஓரத்தில் மட்டும் பசையிட்டுப் பொருத்தினால் எழுதவும் வசதி, தாளும் சுருங்காது. அடுக்கு அட்டையில் இந்த உட்பக்கம் முழுவதும் நமக்கே கிடைக்கிறது.

ஆகவே, குழந்தைகள் தங்கள் அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ செய்வதென்றால் சட்டை அட்டையே சரி. பையில் வைக்கும் குறிப்பை அவர்களே எழுதட்டும். ஒரே நாளில் பத்துப் பேருக்குக் கொடுக்க வேண்டியிருந்தாலும் அதுதான். சிரிக்கவும் வியக்கவும் தயங்காத தம்பிக்கு, நண்பனுக்கு, பொறியியல் மனம் உள்ளவருக்கு பாப்-அப். ஆண்டுக்கணக்கில் மேசைமேல் நிற்க வேண்டும், உள்ளே நிறைய எழுத வேண்டும், அவர் செய்யும் வேலையையோ நேசிக்கும் பொருளையோ காட்ட வேண்டும் என்றால் அடுக்கு அட்டை.

தச்சு வேலை செய்த என் அப்பாவுக்கு ஒரு முறை அடுக்கு அட்டையில் ஒரு கைரம்பம் செய்து கொடுத்தேன். மரப்பிடிக்குப் பெட்டி அட்டை, அலகுக்குச் சாம்பல் நிறத் தாள், பின்னணியில் நெளி அட்டைப் பலகை. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு அலகின் விளிம்பில் விரலை வைத்து, "பல் பிடிப்பக்கம் சாஞ்சிருக்கே, இது இழுத்து அறுக்கிற ரம்பமாச்சே, நம்மது தள்ளி அறுக்கிறதுப்பா" என்றார். அலகை ஒட்டுநாடாவில்தான் நிறுத்தியிருந்தேன். அன்று மாலையே அதை மெதுவாகக் கிளப்பி, பற்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்த வேறோர் அலகை வெட்டினேன். அவர் பக்கத்தில் அமர்ந்து ஒவ்வொரு பல்லின் சாய்வையும் பென்சிலால் குறித்துக் கொடுத்தார்.