ஞாயிற்றுக்கிழமை திறக்காத புத்தகக் கடை

சிங்கப்பூரின் பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ் கட்டடத்தின் மேல்தளத்தில் உள்ள இச்சிறு பழைய புத்தகக் கடைக்கு நான் சென்றது வேறொரு நூலைத் தேடித்தான். ஆனால் பிலிப்பைன்ஸ் பெண் எழுத்தாளர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்த ஓர் அலமாரி என்னை ஒரு மணி நேரம் அங்கேயே நிறுத்திவிட்டது. கடைக்காரர் நூல்களை அகர வரிசைப்படி அடுக்காமல் படைப்புகள் எழுதப்பட்ட கால வரிசையில் அடுக்கியிருக்கிறார். அந்த ஒரு முடிவுக்காகவே இக்கடையை மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

இடக்கோடியில் இருப்பது பாஸ் மார்க்கெஸ் பெனிடெஸ் 1925இல் எழுதிய 'டெட் ஸ்டார்ஸ்' சிறுகதை அடங்கிய தொகுப்பு. எழுதியவர் பெண், ஆயினும், மணம் பேசி வைத்த பெண்ணையும் மனத்தைக் கவர்ந்த பெண்ணையும் ஆல்ஃபிரடோ என்ற ஆணின் கண் வழியாகவே நாம் அறிகிறோம்.

இரண்டு சாண் தள்ளி லுவால்ஹாட்டி பவுட்டிஸ்டா. பிலிப்பைன்ஸின் பலங்கா இலக்கியப் பரிசு பெற்ற அவருடைய 'டெகாடா 70' நாவலில், ஐந்து ஆண்பிள்ளைகளைப் பெற்ற நடுத்தர வர்க்கத் தாயான அமாண்டா, 1972இல் அன்றைய அதிபர் மார்க்கோஸ் இராணுவச் சட்டத்தை அறிவித்தபின் நாட்டுக்கும் வீட்டுக்கும் நேர்ந்தவற்றைத் தானே சொல்கிறாள். மூத்தவன் தலைமறைவு இயக்கத்தில் சேர்கிறான். இன்னொரு மகன் கொல்லப்படுகிறான். ஆட்சியின் அடக்குமுறையை அவள் புரிந்துகொள்ளும்போதே, கணவனின் சொல்தான் இத்தனை ஆண்டுகளாகத் தன் வீட்டின் சட்டமாக இருந்தது என்பதும் அவளுக்கு விளங்கிவிடுகிறது. இவ்விரண்டையும் பிரிக்க இயலாதபடி பின்னியிருப்பதே நாவலின் வலிமை. அம்பையின் சமையலறைப் பெண்களை அறிந்த தமிழ் வாசகருக்கு அமாண்டா அந்நியளாகத் தோன்றமாட்டாள். பவுட்டிஸ்டாவின் மற்றொரு நாயகியான லேயா, இரு ஆண்களிடம் பெற்ற இரு குழந்தைகளை வளர்த்துக்கொண்டே மனித உரிமை அமைப்பில் பணிபுரிகிறாள். அமாண்டா கணவனின் சொல்லுக்குக் கட்டுப்பட்டிருந்தாள் என்றால், லேயா எவரிடமும் அனுமதி கேட்பதே இல்லை.

வலப்பக்கத்தில் மியா அல்வாரின் 2015ஆம் ஆண்டுத் தொகுப்பான 'இன் த கன்ட்ரி' இருந்தது. அதில் பஹ்ரைனில் வசதியாக வாழும் பிலிப்பைன்ஸ் மனைவியர் 'நாங்கள்' என்று சொல்லிச்செல்லும் 'ஷேடோ ஃபேமிலிஸ்' கதையை நின்றபடியே படித்தேன். வீட்டு வேலைக்கு வந்த தம் நாட்டுப் பெண்களை விருந்துக்கு அழைத்து உபசரிக்கும் அவர்களுடைய பரிவுக்குள்ளேயே வர்க்க வேறுபாடும் குடியிருக்கிறது. பணிப்பெண் இருக்கும் வீட்டில் வாழும் என்னால் அக்கதையை எளிதில் கடந்துவர முடியவில்லை.

குறைகளும் உண்டு. பிலிப்பைன்ஸின் தகாலோக் மொழியிலுள்ள மூல நூல்கள் விலைச்சீட்டு இன்றி அட்டைப்பெட்டி ஒன்றில் தரையில் கிடக்கின்றன. மொழிபெயர்ப்புகளுக்குக் கிடைத்த இடம் மூலங்களுக்குக் கிடைக்காதது எனக்கு வருத்தமளித்தது.

அப்பெட்டியிலிருந்து எடுத்த 'டெகாடா 70' உட்பட இரண்டு நூல்களுக்கு 21 வெள்ளி கொடுத்தேன். வீட்டில் எங்களோடு இருக்கும் பிலிப்பைன்ஸ் சகோதரி அட்டையைப் பார்த்ததுமே, "இதைப் பள்ளியில் படித்தோம்" என்று வாங்கிக்கொண்டு, கடைசிப் பக்கங்களைத்தான் முதலில் திறந்தார். பிறகு கடையின் முகவரியைக் கேட்டார். பணிப்பெண்களின் ஓய்வு நாட்களில் மாதத்துக்கு ஒன்றையாவது பணமாக மாற்றக் கூடாது என்பது 2023 முதல் இங்கு விதி. பெரும்பாலோருக்கு அந்த ஓய்வு நாள் ஞாயிறு. இக்கடைக்கோ ஞாயிறு விடுமுறை. கடைக்காரரிடம் இதை எடுத்துச் சொல்லியிருக்கிறேன். ஞாயிறு பிற்பகலில் மட்டுமாவது திறக்க முடியுமா என்று யோசிப்பதாகச் சொன்னார்.