ஒரே கணக்கில் ஏழு சாவியா, ஆளுக்கொரு கணக்கா?

திருப்பூரில் நான் பார்த்துக்கொள்ளும் பனியன் கம்பெனி சர்வருக்குள் ஏழு பேர் நுழைகிறோம். முன்பெல்லாம் ஏழு பேருக்கும் ஒரே யூசர், ஒரே பாஸ்வேர்டு. அது மெர்ச்சண்டைசர் மேசையில் இருந்த தினசரி காலண்டர் அட்டையில் பென்சிலால் எழுதியிருக்கும். ஒருத்தர் வேலையை விட்டுப் போனார், பாஸ்வேர்டை மாற்றினேன். மறுநாள் காலை டீ ஆறுவதற்குள் ஆறு போன். "பாஸ்வேர்டு மாத்திட்டீங்களாங்ணா? ஒரு வார்த்தை சொல்லவே இல்லீங்களே!"

தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சுக்குப் பாஸ்வேர்டா, சாவியா (கம்ப்யூட்டரே உருவாக்கும் ஒரு ஜோடி ஃபைல்) என்று நீட்டி அலச ஒன்றுமில்லை. எஸ்எஸ்எச் வழக்கமாக இருக்கும் 22ஆம் போர்ட் இணையத்துக்குத் திறந்திருந்தால் அதில் இராப்பகலாக யாராவது பாஸ்வேர்டை ஊகித்துத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். சாவியை அப்படி ஊகிக்க முடியாது. சாவியில் எந்த வகை? ஈடி25519 போதும். 2014இல் ஓபன்எஸ்எஸ்எச் என்ற எஸ்எஸ்எச் மென்பொருளின் 6.5 பதிப்போடு வந்தது, 2023இன் 9.5 முதல், நாம் எதுவும் சொல்லாவிட்டாலும் அதுதான் உருவாகும். ஜோடியில் சர்வரில் போடுகிற பாதியான பப்ளிக் கீ, இதில் சின்னதாக ஒரு வரி. பழைய வகையான 4096 பிட் ஆர்எஸ்ஏ என்றால் வாட்ஸ்அப்பில் பாதித் திரையை அடைத்துக்கொள்ளும். அது பழைய கருவிகளுக்கு மட்டும்.

பப்ளிக் கீயைச் சாவி என்பதைவிடப் பூட்டு என்பதுதான் சரி என்று எனக்குத் தோன்றும். சாவி என்று சொன்னதால்தான் புதுப் பையன் ஒருத்தன் "இதுதானுங்களே?" என்று தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டிய பிரைவேட் கீயை வாட்ஸ்அப் குரூப்பிலேயே அனுப்பிவைத்தான். அந்த ஜோடியையே தூக்கிப்போட்டுப் புதிதாக உருவாக்க வேண்டியதாயிற்று.

சரி, கேள்விக்கு வருவோம். ஒரே கணக்கில் ஏழு பேர் சாவியையும் சேர்ப்பது அரை மணி வேலை. நானும் முதலில் அதைத்தான் செய்தேன். யார் யார் நுழையலாம் என்ற பட்டியலான ஆத்தரைஸ்டு கீஸ் ஃபைலில் ஏழு வரி, ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஆள் பெயர். போகிறவரின் வரியை அழித்தால் மற்றவர்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. எந்தச் சாவி எப்போது நுழைந்தது என்பதும் சர்வரின் பதிவேட்டில் (லாக்) விழும். ஆனால் உள்ளே போனபின் ஃபைலை அழித்தது யார் என்று கேட்டால் பதில் கிடைக்காது. அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று: அந்தக் கணக்கில் நுழையும் எவரும் அந்த ஃபைலில் எழுதலாம். ஒருநாள் திறந்து எண்ணினேன், ஒன்பது வரி. எட்டாவது, மெர்ச்சண்டைசரின் வீட்டு லேப்டாப். ஒன்பதாவதுக்குப் பெயரே இல்லை.

ஆளுக்கொரு கணக்கு என்றால் ஒரு நாள் போகும். சர்வரில் எல்லார் கணக்கையும் ஒரே குரூப்பில் போட்டு, பொது ஃபோல்டருக்கு செட்ஜிஐடி என்ற அனுமதி வைத்தேன். அங்கே யார் ஃபைல் உருவாக்கினாலும் குரூப் மாறாது. சூடோ, அதாவது நிர்வாகி அதிகாரம், இரண்டு பேருக்கு மட்டும். இதிலும் நான் இடறினேன். பகிரத்தானே என்று ஒருவரின் ஹோம் டைரக்டரியையே (அவர் கணக்கின் சொந்த ஃபோல்டர்) குரூப் எழுதும்படி திறந்துவிட்டேன். உடனே சாவி செல்லவில்லை, பாஸ்வேர்டு கேட்டது. லேப்டாப் பக்கம் எவ்வளவு தோண்டினாலும் காரணம் கிடைக்காது. சர்வரின் ஆத் லாகில்தான் (நுழைவுப் பதிவேடு) டைரக்டரி அனுமதி சரியில்லை என்று ஒரு வரி இருந்தது. ஹோமில் உரியவர் தவிர வேறு யாரும் எழுதக்கூடாது. எஸ்எஸ்எச் ஃபோல்டருக்கு அனுமதி எண் 700, சாவி ஃபைலுக்கு 600, இரண்டுமே உரியவருக்கு மட்டும் என்று அர்த்தம். பொது ஃபோல்டர் ஹோமுக்கு வெளியே.

இன்னொன்று: ஒருவர் விலகும்போது அவர் பாஸ்வேர்டை முடக்கினால் மட்டும் போதாது, சாவியோடு அவர் பாட்டுக்கு உள்ளே வருவார். கணக்கையே காலாவதியாக்க வேண்டும்.

வேலை கூடுதல்தான், ஆனாலும் மூன்று பேருக்கு மேல் இருந்தால் நான் ஆளுக்கொரு கணக்குதான் போடுவேன். பாஸ்வேர்டு நுழைவை நிறுத்தும்போது ஏற்கெனவே உள்ளே இருக்கும் டெர்மினல் ஜன்னலை மூடாமல் வைத்துக்கொண்டு, இன்னொன்றில் நுழைந்து பாருங்கள், இல்லாவிட்டால் நீங்களே வெளியே மாட்டிக்கொள்வீர்கள்.

மாற்றிய அன்று பழைய பொதுக் கணக்கை மூடினேன். ஒன்பதாவது வரிக்காரர் போன் செய்வார் என்று காத்திருந்தேன். இன்றுவரை யாரும் கூப்பிடவில்லை.