மாணவர் டிசைன் விருதுகள்: எதற்கு உழைக்கலாம், எதை யோசித்துச் செய்யலாம்

டிசைன் கல்லூரிகள் ஆண்டு முடிவில் வெளியிடும் சாதனைப் பட்டியலில் அதிக இடம் பிடிப்பவை விருதுகள். எல்லா விருதும் ஒரே எழுத்தளவில்தான் அச்சாகும். ஆனால் ஒன்று, பலமுறை உடைந்து திரும்பச் செய்யப்பட்ட கருவிக்குக் கிடைத்திருக்கும். அடுத்தது கணினியில் வரைந்த அழகான படத்துக்குக் கிடைத்திருக்கும். விருதுப் போட்டியையும் ஒரு சேவையாக எண்ணி, மாணவர் கொடுக்கும் உழைப்புக்கு அது என்ன திருப்பித் தருகிறது என்று கேட்டால் எது மேல், எது கீழ் என்பது தெளிவாகும்.

எங்கள் கணக்கில் முதலிடம், வீட்டுச் சாதனங்கள் செய்யும் டைசன் நிறுவனத்தின் பின்னணியில் நடக்கும் ஜேம்ஸ் டைசன் விருதுக்கு. பதிவுக் கட்டணம் கிடையாது. நாட்டளவில் வென்றால் 5,000 பவுண்டு, உலக அளவில் 30,000 பவுண்டு. படைப்பின் உரிமை மாணவரிடமே இருக்கும். பொறியியல், டிசைன் மாணவர்களோடு, படிப்பு முடித்து நான்கு ஆண்டுக்குள் இருப்பவர்களும் கலந்துகொள்ளலாம். இதன் உண்மையான மதிப்பு நடுவர் முறையில் இருக்கிறது. நாட்டளவில் தேறியவற்றிலிருந்து 20 படைப்புகளைப் பொறுக்குபவர்கள் டைசனின் பொறியாளர்கள். "இது எப்படி வேலை செய்கிறது?" என்ற கேள்விக்கு வழவழப்பான படம் பதிலாகாது என்பது அவர்களுக்குத் தெரியும். 2014இல் வென்ற ஜேம்ஸ் ராபர்ட்ஸின், காற்றடைத்தால் விரியும் இன்குபேட்டரும் சரி, 2019இல் லூசி ஹியூஸ் மீன் கழிவையும் சிவப்புப் பாசியையும் கொண்டு செய்த, பிளாஸ்டிக்குக்கு மாற்றான பொருளும் சரி, கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய நிலைக்கு வந்தவை.

தோற்றவர்களுக்கும் இங்கே வழி இருக்கிறது. பிலிப்பைன்ஸின் கார்வி மைக், புற ஊதாக் கதிரிலிருந்து மின்சாரம் எடுக்கும் தன் யோசனையோடு 2018இல் ஒருமுறை கலந்துகொண்டார், தேறவில்லை. பயிர்க் கழிவிலிருந்து மூலப்பொருளை எடுக்கும் அளவுக்கு அதை மாற்றிக்கொண்டு வந்து, 2020இல் முதன்முறையாக வழங்கப்பட்ட நிலைத்தன்மைப் பரிசை, அதாவது சுற்றுச்சூழலுக்கு உகந்த படைப்புக்கான பரிசை, வாங்கினார். சாதனைப் பட்டியலில் ஒரு வரியாக முடிந்துபோகும் இந்த இரண்டாண்டு வேலைதான் கல்லூரி பெருமைப்பட வேண்டிய விஷயம்.

குறையும் உண்டு. எழுத்துரு, துணி வடிவமைப்பு, சேவை வடிவமைப்பு படிப்பவர்களுக்கு இந்தப் போட்டி ஒத்துவராது. அவர்களை வலிந்து இதில் தள்ளினால் நல்ல வேலை தவறான தராசில் ஏறும். விளம்பரம், காட்சித் தொடர்பு மாணவர்களுக்கு, பிரிட்டனின் டிஅண்ட்ஏடி என்ற டிசைன், விளம்பர அமைப்பு நடத்தும் நியூ பிளட் போட்டி பொருத்தம். நிறுவனங்கள் கொடுக்கும் பணிக்குறிப்புக்கு வேலை செய்வதால் அது நேராகத் தொழிலுக்கான பயிற்சி.

ஜெர்மனியின் ஐஎஃப் மாணவர் விருதும் கட்டணமில்லாதது. மொத்தப் பரிசு 50,000 யூரோ. வென்றவர்கள் அதைப் பகிர்ந்துகொள்கிறார்கள். தலைப்புகள் ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளை ஒட்டி வருவதால் வகுப்பறைத் திட்டத்தோடு சுலபமாகச் சேரும். ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. முடிந்த வேலையின் மேல் கடைசி வாரத்தில் ஓர் இலக்கை ஒட்டி அனுப்புகிறார்கள். பயனாளரிடம் என்ன சோதித்தீர்கள் என்ற இடம் வந்ததும் அது வெளுத்துவிடும்.

ஜெர்மனியின் இன்னொரு டிசைன் விருதான ரெட் டாட்டின் பெயருக்கு மதிப்பு அதிகம். 1955இலிருந்து வருகிற அமைப்பு. வடிவம் பெறாத யோசனைகளுக்கும் தனிப் பிரிவு வைத்திருக்கிறது. ஆனால் பணம் பேச வேண்டிய இடம் இது. பதிவுக்குக் கட்டணம் உண்டு. வென்ற பிறகு சான்றிதழ், முத்திரை, கண்காட்சி எல்லாம் சேர்ந்த வெற்றியாளர் தொகுப்புக்கும் கட்டணம் வரும். எந்தப் போட்டியானாலும் அனுப்பும் முன் விதிமுறையில் மூன்றைத் தேடுங்கள்: வென்றபின் கட்டணம் கட்டாயமா, மாணவருக்குச் சலுகை உண்டா, கட்டாவிட்டால் பட்டம் பறிபோகுமா. இந்தச் செலவைக் கல்லூரி ஏற்கிறதா என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்கிவிட வேண்டும். மாணவர் கையிலிருந்து பணம் போய், பெயர் கல்லூரிப் பட்டியலில் ஏறுவது நியாயமில்லை.

அனுப்பும் பொருளில் என்ன கெட்டுப்போகிறது என்பது பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்ததுதான். பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் இழையில் எடுத்த 3டி பிரிண்ட் சுமார் 60 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் இருந்தாலே மெல்லிய சுவர்கள் வளைந்து, மூடி பொருந்தாமல் போகும். பயணம் போகிற முன்மாதிரியை, இன்னும் அதிக வெப்பம் தாங்கும் பிஇடிஜி அல்லது ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் எடுப்பது நல்லது. தோற்றத்துக்கு ஒன்று, இயக்கத்துக்கு ஒன்று என இரண்டு மாதிரி செய்யுங்கள். ஒரே மாதிரியில் இரண்டையும் அடைக்கப் பார்த்தால் பெயின்ட் அடித்த கீல் இறுகிவிடும். படத்தில் ஒரு கையாவது தெரியட்டும், இல்லாவிட்டால் அளவு புரியாது. வீடியோவின் முதல் 10 நொடிக்குள் கருவி வேலை செய்வது ஒலியில்லாமலே புரிய வேண்டும். ஏ1 பலகைக்கு, அதாவது 594 × 841 மில்லிமீட்டருக்கு, 150 டிபிஐ (அங்குலத்துக்கு 150 புள்ளி) போதும். 300 டிபிஐ வைத்தால் படம் 7016 × 9933 பிக்சலாகப் பெருத்து, கடைசி நிமிடப் பதிவேற்றத்தில் சிக்கும்.

இதைவிடப் பெரிய இழப்பு காப்புரிமையில் நடக்கிறது. ஐரோப்பாவில் விண்ணப்பம் போடுவதற்கு முன் பொதுவெளியில் காட்டினால், சொற்ப விதிவிலக்குகள் தவிர, காப்புரிமைக்குத் தேவையான புதுமை போயிற்று. அமெரிக்காவில் ஓராண்டு அவகாசம் உண்டு. போட்டித் தளத்தில் படம் வெளியாவதும், இறுதியாண்டுக் கண்காட்சியில் மேசைமேல் வைப்பதும் வெளிப்படுத்தியதாகவே எடுத்துக்கொள்ளப்படலாம். எனவே விண்ணப்பத் தேதி முதலில், போட்டித் தேதி பிறகு. இந்த வரிசையை ஆண்டு நாட்காட்டியிலேயே குறித்துவைக்கும் துறையை நம்பலாம்.

கண்காட்சி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். சாதனைப் பட்டியலில் அது பெரும்பாலும் கடைசி வரி. ஆனால் 1923இல் ஜெர்மனியின் துரிங்கியா மாநில அரசு பலனைக் காட்டு என்று நெருக்கியபோது, புகழ்பெற்ற டிசைன் பள்ளியான பௌஹவுஸ் வைமார் நகரில் நடத்தியது கண்காட்சிதான். அதற்காகவே ஹவுஸ் ஆம் ஹார்ன் என்ற முழு வீட்டைக் கட்டி, பட்டறைகளில் செய்த பொருள்களால் நிரப்பினார்கள். நடுவர் இல்லை, பதக்கம் இல்லை. வந்தவர்கள் உள்ளே நடந்து பார்த்தார்கள். ஒரு கல்லூரியின் ஓராண்டை எடைபோட இதைவிட நேர்மையான வழி எங்களுக்குத் தெரியவில்லை.

கல்லூரித் தரவரிசையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உலகப் பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்தும் க்யூஎஸ் நிறுவனத்தின் கலை, டிசைன் பாடப் பட்டியல் கல்வியாளர் கருத்துக்கு 90 சதவீதமும் வேலை தருவோர் கருத்துக்கு 10 சதவீதமும் கொடுத்து வந்திருக்கிறது. மாணவர் வென்ற விருது அந்தக் கணக்கில் நேரடியாகச் சேராது. விருதையும் தரவரிசையையும் ஒரே பத்தியில் கோத்து எழுதுவது வாசகரைக் குழப்பும்.

பட்டியல் தயாரிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு விருதுக்கும் பக்கத்தில் நான்கைச் சேருங்கள்: யோசனையா இயங்கும் மாதிரியா சந்தைக்கு வந்ததா என்பது, எத்தனை பேரிடம் சோதித்தது, கட்டணம் கட்டியது யார், குழுவில் இருந்த அனைவரின் பெயர். கடைசியானதைப் பதிவு செய்யும் அன்றே முடித்துவிடுங்கள். சான்றிதழ் அச்சான பிறகு விடுபட்ட பெயரைச் சேர்ப்பது பெரும்பாடு. அப்படி விடுபடுவது அனேகமாகப் பட்டறையில் மாதிரியைச் செய்து கொடுத்தவரின் பெயராகவே இருக்கும்.