பவுடரா, கேஸா? தீயணைப்பான் வாங்கும் முன்னும் பருவம் மாறும் முன்னும்

கடையில் தீயணைப்பான் கேட்டால் பெரும்பாலும் இரண்டைத்தான் எடுத்து வைப்பார்கள். ஒன்று ஏபிசி பவுடர் (ஏ என்றால் மரம், துணி போன்ற திடப்பொருள் தீ, பி திரவத் தீ, சி வாயுத் தீ), மற்றது சிஓ2 எனப்படும் கரியமில வாயு. இரண்டும் சிவப்பு. இரண்டிலும் பின்னை இழுத்துக் கைப்பிடியை அழுத்த வேண்டியதுதான். ஆனால் எரிவது துணியா, எண்ணெயா, மின்பலகையா என்பதைப் பொறுத்து ஒன்று காப்பாற்றும், மற்றது கைவிடும். பராமரிப்பிலும் பகை வேறு வேறு: பவுடருக்கு ஐப்பசி மழை ஆகாது, சிஓ2-வுக்குச் சித்திரை வெயில் ஆகாது.

பவுடர் சிலிண்டருக்குள் இருப்பது மோனோ அம்மோனியம் பாஸ்பேட். சூடான மரம், துணி, காகிதத்தின் மேல் விழுந்ததும் உருகி ஓடுபோலப் படிந்து காற்றை மறிக்கும். பெட்ரோல், தின்னர் போன்றவற்றில் தீயின் வேதிவினையையே அறுத்துவிடும். எல்லாம் கலந்து கிடக்கும் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. வாங்கும்போது பவுடரில் அந்தப் பாஸ்பேட் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். 'மேப் 50', 'மேப் 90' என்று தரம் பிரித்தே விற்கிறார்கள்; 'மேப்' அந்தப் பாஸ்பேட்டின் ஆங்கிலச் சுருக்கம், எண் அதன் சதவீதம். வெறும் பிசி பவுடர் என்றால் அது சோடா உப்பு வகை. துணி, காகிதத் தீயில் அதை நம்ப முடியாது.

பவுடரின் குறை தீ அணைந்த பிறகுதான் தெரியும். மாவுபோல அறை முழுக்கப் படியும். ஈரக்காற்றில் அந்தப் படலம் அமிலத்தன்மை அடைந்து சர்க்யூட் போர்டுகளை அரிக்கும். ஒரு பிளக் பாயின்டில் பிடித்த தீயை அணைக்கப் போய் அறையிலுள்ள கணினிகள் எல்லாவற்றையும் இழக்கலாம்.

சிஓ2 அங்கேதான் ஜெயிக்கிறது. மின்சாரம் கடத்தாது, எதையும் மிச்சம் வைக்காது. சர்வர் அறை, மின்பலகை, ஜெராக்ஸ் கடை, ஸ்கேன் மையம் எல்லாவற்றுக்கும் அதுதான். ஆனால் அது பொருளைப் போதுமான அளவு குளிர்விக்காது. பஞ்சு மூட்டையில் அடித்தால் சுவாலை மறையும், உள்ளே கனல் இருக்கும், வாயு கலைந்ததும் மறுபடி பிடிக்கும். திறந்தவெளியில் காற்றோடு போய்விடும். சின்ன அறையில் ஆளுக்கே மூச்சு முட்டும். ஆகவே அடித்துவிட்டு உடனே வெளியே வந்து கதவைச் சாத்துங்கள். கறுப்பு ஹார்னைப் பிடிக்கக் கூடாது. மைனஸ் 78 டிகிரிவரை குளிர்ந்த வாயு வரும் வழி அது, தோல் உறைந்துவிடும். 4.5 கிலோ வாயுவைத் தாங்கத் தடித்த உலோக உருளை வேண்டும் என்பதால் மொத்த எடை 10 கிலோவைத் தாண்டும். வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில் அதைத் தூக்கப்போவது யார்?

எதை அடித்தாலும் மின்தீ என்றால் முதலில் மெயினை இறக்க வேண்டும். இன்வெர்ட்டர் இருந்தால் அதைத் தனியாக அணைக்க வேண்டும். மெயினை இறக்கியதும் பேட்டரியிலிருந்து வயருக்கு மின்சாரம் வரத் தொடங்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இனி சோதனை. பவுடரில் அழுத்தம் காட்டும் கேஜ் இருக்கிறது, முள் பச்சையில் நிற்க வேண்டும். ஆனால் அந்த முள் சொல்வது உள்ளே அடைத்த காற்றழுத்தத்தை மட்டுமே. பவுடர் கட்டிதட்டிப் போயிருந்தாலும் முள் பச்சையில்தான் நிற்கும், அழுத்தினால் காற்று மட்டும் புஸ்ஸென்று வரும். எனவே மழைக்கு முன்பும், மழைக்காலத்தில் மாதம் ஒருமுறையும் சிலிண்டரைத் தலைகீழாகப் பிடியுங்கள். பவுடர் சரிந்து இறங்குவது கைக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ரீஃபிலுக்கு அனுப்ப வேண்டியதுதான். 'வேலை செய்கிறதா பார்ப்போம்' என்று ஒரு விநாடிகூட அடித்துப் பார்க்காதீர்கள். வால்வு மூடும் இடத்தில் பவுடர் துகள் சிக்கி, அழுத்தம் மெல்லக் கசிந்து முள் சிவப்புக்கு வந்துவிடும்.

சிஓ2-வில் கேஜே கிடையாது, எடைதான் கணக்கு. உருளையில் காலி எடை பொறித்திருக்கும். அது ஹோஸ், ஹார்ன் சேர்த்ததா சேர்க்காததா என்று பார்த்து, மளிகைக்கடைத் தராசில் நிறுத்துக் காலி எடையைக் கழியுங்கள், மிச்சம்தான் வாயு. 4.5 கிலோவில் 450 கிராமுக்கு மேல், அதாவது பத்தில் ஒரு பங்கு, குறைந்திருந்தால் ரீஃபில். வெயிலில் ஏன் கவனம்? கரியமில வாயு 31 டிகிரிக்கு மேல் திரவமாக நிற்காது. அக்னி நட்சத்திரத்தில் தகரக் கூரைக்கு அடியிலோ வாசல் வெயிலிலோ மாட்டியிருந்தால் உள் அழுத்தம் ஏறி, பாதுகாப்புத் தட்டு உடைந்து மொத்த வாயுவும் வெளியேறலாம். பங்குனியிலேயே நிழலுக்கு மாற்றிவிடுங்கள்.

தொழிற்கூடங்களுக்கு ஆயுத பூஜை நல்ல கெடு. எப்படியும் எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைப்பார்கள். கேஜ் கண்ணாடி மேல் சந்தனம் அப்பாமல் இருந்தால் சரி.

சமையலறையில் இரண்டுமே தோற்கும். தீப்பிடித்த வாணலியில் சிஓ2 அடித்தால் அதன் வேகத்தில் கொதி எண்ணெய் தெறிக்கும். பவுடர் சுவாலையை அடக்கும், எண்ணெயின் சூடு தணியாததால் திரும்பப் பற்றும். அடுப்பை அணைத்து, பொருந்தும் மூடியைப் பக்கவாட்டில் நகர்த்தி மூடி, ஆறும்வரை திறக்காமல் விடுவதே வழி. தண்ணீர் ஊற்றினால் ஒரு லிட்டர் சுமார் 1,700 லிட்டர் நீராவியாக விரிந்து எண்ணெயைக் கூரைவரை வீசும். பெரிய வடைச்சட்டி வைத்திருக்கும் ஓட்டல்கள் வெட் கெமிக்கல் எனும் திரவ வகைத் தீயணைப்பானுக்குத்தான் போக வேண்டும். அதிலுள்ள பொட்டாசியம் உப்பு எண்ணெயோடு சேர்ந்து சோப்பு நுரையாகி மூடிக்கொள்ளும். சமையல் கேஸ் சிலிண்டர் வாயில் எரியும் கேஸை ரெகுலேட்டரை மூடாமல் பவுடரால் அணைப்பது இன்னும் ஆபத்து. எரியாத வாயு தரையோடு தேங்கி அடுத்த பொறிக்குக் காத்திருக்கும். கசிவுக்கு 1906, தீக்கு 101 அல்லது 112.

மின் ஸ்கூட்டர் பேட்டரி எரிந்தால் இரண்டு சிலிண்டரையும் நம்பாமல் வெளியே ஓடுங்கள். அதைக் குளிர்விக்க ஏராளமான தண்ணீர் வேண்டும், அது தீயணைப்பு வண்டியின் வேலை.

எங்கள் தேர்வு இது. வீட்டுக்கு 4 கிலோ ஏபிசி ஒன்று, அடுப்புக்கு மேல் அல்ல, வெளியேறும் கதவருகே. அலுவலகத்தில் மின்பலகை அருகே சிஓ2, நடைவழியில் ஏபிசி. ஜவுளிக் கிடங்குக்கு ஏபிசியோடு 9 லிட்டர் தண்ணீர் வகையும் வேண்டும். கனலின் அடிவரை போவது தண்ணீர்தான். எதிலும் ஐஎஸ்ஐ முத்திரையும் தீயணைப்பான்களுக்கான ஐஎஸ் 15683 தர எண்ணும் இருக்கட்டும். ரீஃபிலுக்கு எல்லாவற்றையும் ஒரே நாளில் ஆட்டோவில் ஏற்றிவிடாதீர்கள்: பாதி திரும்பி வந்த பிறகு மறுபாதி. வந்ததில் ஸ்டிக்கர் மட்டும் புதிதா, எடையும் சரியா என்று மெக்கானிக் முன்னாலேயே நிறுத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.